43 அங்குல டிவி, ஆறு டேப்லெட், சிக்னல் இல்லாத ஒரு வகுப்பறை

கேள்வி: நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் இந்த ஆண்டுதான் பணியில் சேர்ந்தேன். ஆறாம் வகுப்பு, 28 பிள்ளைகள். பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்) வருகிறார்கள். வீட்டில் தமிழ், மலையாளம், பணியர் பழங்குடியினர் பேசும் பணிய மொழி மூன்றும் புழங்குகின்றன. சுவரில் 43 அங்குல டிவி, நன்கொடையாக வந்த ஆறு டேப்லெட், ஒரு பழைய லேப்டாப் இருக்கின்றன. மைதானத்தின் ஒரு மூலையில் மட்டும்தான் சிக்னல். மழை பிடித்தால் கரண்ட் போய்விடும். "பிள்ளைகள் கையில் கொடுத்து உடைந்தால் யார் பதில் சொல்வது?" என்கிறார் தலைமையாசிரியர். சில பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது? பள்ளி மேலாண்மைக் குழு கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்கிறது. ப்ரொஜெக்டர் வாங்கலாமா?

– ஆசிரியை, பந்தலூர் வட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாய் திறக்காத பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். கருவிகளை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு தானாகத் தெளியும். உங்களிடம் இருப்பவற்றில் அந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் உதவக்கூடியது டேப்லெட்டோடு வந்த சாதாரண குரல் பதிவுச் செயலிதான். அதற்கு நெட் வேண்டாம், கணக்கு திறக்க வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். முதல் பருவம் முழுவதும் டேப்லெட்டுக்கு இதுவே முதல் வேலையாக இருக்கட்டும்.

பாடப்புத்தகத்தில் நாலைந்து வரியுள்ள ஒரு பத்தியைக் குறித்துக் கொடுங்கள். பிள்ளை அதை ஒரு நிமிடத்துக்குள் வாசித்துப் பதிகிறது, ஹெட்போனில் போட்டுக் கேட்கிறது, பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு இன்னொரு முறை பதிகிறது. இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். வரம்பு இல்லாவிட்டால், கூச்சமுள்ள பிள்ளை பத்தாவது தடவையும் அழித்துக்கொண்டுதான் இருக்கும். டேப்லெட்டை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அதைவிடக் கிட்டே வைத்தால் மூச்சுக் காற்று 'புஸ் புஸ்' என்று பதிவாகி, வார்த்தை கேட்காது. கோப்புக்கு வருகைப்பதிவேட்டு எண்ணும் தேதியும் பெயராக இருந்தால் போதும். ஒரு நிமிடப் பதிவு ஏறக்குறைய 1 எம்பி. வாரம் ஒரு தடவை 28 பேரும் பதிந்தாலும் ஆண்டு முழுவதற்கும் 1 ஜிபியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு ஐந்து பதிவு கேளுங்கள். ஆறு வேலை நாளில் எல்லாரையும் ஒரு சுற்று கேட்டு முடித்துவிடலாம். மார்க் போடாதீர்கள். ல, ள, ழ எங்கே மாறுகிறது, 'ற்ற', 'ன்ற' வரும் இடத்தில் நின்றுவிடுகிறதா, வாக்கியம் முடிகிற இடம் தெரிந்து குரல் இறங்குகிறதா என்று பார்த்து, ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு குறிப்பு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளை உங்கள் பக்கத்தில் உட்காரும்போது அதை மட்டும் சொல்லித் திருத்துங்கள். ஒருவர் பதிவை வகுப்பு முழுவதும் கேட்கப் போட்டுக்காட்டவே கூடாது, மிக நன்றாக வாசித்திருந்தாலும் கூடாது. ஒரு தடவை யாராவது சிரித்துவிட்டால், பேசாத பிள்ளை அந்த டேப்லெட்டையும் தொடாது.

இது கைவந்த பிறகு அதே செயலியில் சொல் சேகரிப்பு செய்யலாம். தாவரங்கள் பாடத்தில் வேர், தண்டு, கொழுந்து, மொட்டு என்று ஒவ்வொன்றையும் பள்ளிக்கு வெளியே போய்ப் படம் எடுத்து, தமிழ், மலையாளம், பணிய மொழி மூன்றிலும் பெயர் சொல்லிப் பதிவது. லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொழுந்தும் கவாத்தும் (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) நமக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. "நீ பணியர் வீட்டுப் பிள்ளை, நீ சொல்லு" என்று யாரையும் எழுப்பி நிறுத்த வேண்டாம். வீட்டு மொழியை வெளியே காட்டிக் கேலிக்கு ஆளான பிள்ளைகள் இருப்பார்கள். விரும்பி வருகிறவர்களோடு தொடங்குங்கள். மற்றவர்கள் வரும்போது வரட்டும்.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதையும் உங்கள் ஃபோனிலேயே ஒரு பாடவேளையைப் பதிந்து கேட்டுப் பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். உங்கள் பிள்ளைகளில் சிலர் கேள்வியை மனதுக்குள் வேறு மொழிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஐந்து வரை மனதுக்குள் எண்ணுங்கள்.

இனி, ஆறு டேப்லெட்டை 28 பேருக்கு எப்படிப் பங்கிடுவது. ஐந்து பேருக்கு ஒன்று கொடுத்தால் ஒருவர் தொடுவார், இருவர் எட்டிப் பார்ப்பார்கள், மீதி இருவர் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள். மூவருக்கு ஒன்று என்பதைத் தாண்டாதீர்கள். அப்படியானால் வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் டேப்லெட் பிடிக்க முடியாது. 9 அல்லது 10 பேராக மூன்று குழுக்கள் பிரியுங்கள். ஒரு குழு டேப்லெட்டில், ஒன்று உங்களோடு, ஒன்று நோட்டில். 45 நிமிடப் பாடவேளையில் தொடக்கத்துக்கு 5 நிமிடம், ஒவ்வொரு இடத்திலும் 12 நிமிடம், இடம் மாற இரண்டு தடவை 2 நிமிடம். டேப்லெட் குழுவுக்கு மூன்று அல்லது நான்கு கருவி போதும். மிச்சம் சார்ஜில் இருக்கட்டும், ஏதாவது மக்கர் செய்தால் மாற்றிக்கொள்ளலாம். 12 நிமிடத்தில் மூவருக்கு ஆளுக்கு 4 நிமிடம். நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடித்துக் கை மாறச் சொல்லுங்கள். மாற்றத்தைப் பிள்ளைகளின் நல்ல மனதுக்கு விட்டுவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை கையிலேயே கருவி தங்கிவிடும். பதிவு செய்கிற குழுவை வராந்தாவில், உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார வையுங்கள். வகுப்புக்குள் வைத்தால் உங்கள் குரலும் சேர்ந்து பதிவாகும்.

மூவரில் இருவராவது ஒரே வீட்டு மொழிக்காரர்களாக இருக்கட்டும். அப்போதுதான் புரியாததைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள். அதற்காக ஒரே சமூகத்துப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் ஒன்றாகக் குவித்துவிடக் கூடாது. மூன்றாமவர் வேறொரு மொழிக்காரராக இருப்பது நல்லது.

முதல் வாரமே இதையெல்லாம் இறக்கினால் வகுப்பு கலைந்துபோகும். முதல் வாரம் கருவியே வேண்டாம். குழு பிரிவதும் இடம் மாறுவதும் மட்டும் பழகட்டும். இரண்டாம் வாரம் டேப்லெட்டை எடுப்பது, இரண்டு கையாலும் பிடித்து நடப்பது, எண் பார்த்துத் திரும்ப வைப்பது. மூன்றாம் வாரம் பதிவு. மூன்று குழுச் சுற்று பெரும்பாலும் குலைவது நோட்டுக் குழுவில்தான். எட்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு மற்றவர்களைச் சீண்டுவார்கள். 12 நிமிட இடத்துக்கு 15 நிமிட வேலை கொடுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் குழுவில் இருவரிடம் கேட்க வேண்டும், அதன் பிறகுதான் டீச்சர் என்று விதி வையுங்கள். இல்லையென்றால் உங்களோடு உட்கார்ந்திருக்கும் குழுவுக்கு உங்கள் 12 நிமிடமும் கிடைக்காது.

டிவி விஷயத்தில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. திரையில் உள்ள எழுத்தைச் சிரமமில்லாமல் வாசிக்க, கடைசியில் இருப்பவர் திரை உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். 43 அங்குல டிவியின் உயரம் சுமார் 53 செ.மீ. ஆறால் பெருக்கினால் 3.2 மீட்டர், அதாவது பத்தரை அடி. உங்கள் வகுப்பு 20 அடி நீளம் என்றால் பின்பாதிக்கு அந்த டிவி வெறும் நகரும் படம்தான். டிவி பார்க்கும் நேரத்தில் பின் பெஞ்சுகளை நகர்த்தி, பிள்ளைகளை முன்னால் பாயில் உட்கார வையுங்கள். பாடப்புத்தகத்தின் முழுப் பக்கத்தைத் திரையில் போடாதீர்கள், ஒரு பத்தியைப் பெரிதாக்கிப் போடுங்கள். ஒரு திரையில் ஆறு வரிக்கு மேல் வேண்டாம். 'ணை', 'றோ' போன்ற எழுத்துகள் சிறிதானால் ஒன்றோடொன்று கலந்துவிடும். நீங்களே கடைசி வரிசையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் வைத்து எதையும் காட்டாதீர்கள். சில பிள்ளைகளால் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. நிறத்தோடு அ, ஆ என்று எழுத்தும் போட்டுவிடுங்கள்.

டிவிக்கு நேர் எதிரே ஜன்னல் இருந்தால், மூடுபனி நாளின் வெள்ளை வெளிச்சம் திரையில் அப்படியே தெரியும். அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் அடர்நிறத் துணி போதும், மற்றவை திறந்தே இருக்கட்டும்.

மழைதான் உங்கள் பக்கத்தின் பெரிய விஷயம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தேவாலா, பந்தலூர் பக்கம் கொட்டும்போது தகரக் கூரையின் கீழ் யார் குரலும் எடுபடாது. அந்த நேரத்தில் ஸ்பீக்கரைக் கூட்டுவது வீண். வார்த்தை கேட்காது, இரைச்சல்தான் கூடும். குரல் பதிவைக் காலை முதல் பாடவேளையிலோ மழை விட்ட நேரத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். காது தேவைப்படாத இரண்டு மழைப் பாடங்களை எப்போதும் கைவசம் தயாராக வைத்திருங்கள். படத்தைப் பார்த்து எழுதுவது, வரைந்து பெயர் குறிப்பது, கணக்குத் தாள், ஒலியை அணைத்துவிட்டு வீடியோ பார்த்து அதற்கு உரை எழுதுவது என்று எதுவாகவும் இருக்கலாம். கடைசியில் சொன்னது நல்ல தமிழ்ப் பயிற்சியும்கூட.

சில்வர் ஓக் மரக் கிளை மின்கம்பியில் விழுந்தால் கரண்ட் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே டிவியை நம்பி 40 நிமிடப் பாடம் திட்டமிடாதீர்கள். 5 நிமிட வீடியோத் துண்டு, அதைப் பார்த்தபின் ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்கான படம் கரும்பலகையிலும் வரைய வரவேண்டும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் ஒன்று, சுமார் 70 வாட் இழுக்கும் டிவியை அரை மணி நேரம் தாங்கும். இந்த மாதிரித் துண்டுகளுக்கு அது தாராளம். யுபிஎஸ் வரும்வரை, கரண்ட் போனதும் டிவி பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்பி வந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். பல கருவிகளைக் கொல்வது கரண்ட் திரும்பும் கணத்தில் பாயும் மின் அழுத்தம்தான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் வானம் இருட்டியதுமே, இடி தொடங்கும் முன்பே, பிளக்கோடு கேபிள், ஆன்டெனா வயரையும் கழற்றிவிட வேண்டும்; இடி இடிக்கும்போது வயரைத் தொடக் கூடாது. மின்னல் அந்த வயர் வழியாகவும் வரும். அந்த அறையின் எர்த் சரியாக இருக்கிறதா என்று வயர்மேனை வைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஈரம் மெதுவாக வேலை செய்யும் எதிரி. மழைக் காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் டிவி இருந்தால் உள்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். முடியாவிட்டால் சுவருக்கும் டிவிக்கும் இடையே இரண்டு அங்குலமாவது காற்றுப் போக இடம் விடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், பருத்தித் துணி போதும். நீண்ட விடுமுறையில் வாரம் ஒரு மணி நேரம் டிவியை ஓடவிட்டால் அந்தச் சூட்டில் உள்ளே காய்ந்துவிடும். டேப்லெட் வைக்கும் பீரோவில் கால் கிலோ சிலிகா ஜெல் துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். நிறம் மாறியதும், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் மெல்லிய தீயில் சூடாக்கினால் மறுபடி பயன்படும். நீல நிறச் சிலிகாவில் கோபால்ட் கலந்திருக்கும், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. ஆரஞ்சு நிறத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஆறு டேப்லெட்டும் சேர்ந்து சார்ஜ் ஏற சுமார் 60 வாட்தான் ஆகும். காலையில் அலுவலக அறையில், ஆள் இருக்கும்போது, பீரோவுக்கு வெளியே போடுங்கள். பூட்டிய பீரோவுக்குள் சார்ஜ் போட்டால் சூடு வெளியேற வழியில்லை. இரவு முழுக்கச் செருகி வைக்கவும் கூடாது. கோடை விடுமுறைக்குப் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். முழுதாகத் தீர்ந்த பேட்டரி இரண்டு மாதம் கிடந்தால் பிறகு உயிர் பிடிக்காமல் போகலாம். ஊட்டி, குந்தா பக்கத்து ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் சில்லிட்ட கருவியை உடனே சார்ஜில் போடாதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழ் குளிர்ந்த லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம் ஆகும். அறைச் சூட்டில் அரை மணி கிடந்து, மேலே படிந்த நீர்த்துளி காய்ந்த பிறகு போடலாம்.

பாடங்களுக்கு அந்த மைதான மூலை சிக்னலை நம்ப வேண்டாம். வாரக் கடைசியில் கூடலூரிலோ வீட்டிலோ நெட் கிடைக்கும்போது அடுத்த வாரத்துக்கு வேண்டியதை இறக்கிக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடு வழியாகத் திறக்கும் திக்‌ஷா செயலியில் பாடத்தைப் பதிவிறக்கி வைத்து நெட் இல்லாமல் பார்க்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) அறிவியல் செயல்விளக்கங்கள் ஒவ்வொன்றும் தனிக் கோப்பாகவே கிடைக்கும். லேப்டாப் பிரவுசரில் நெட் இல்லாமல் ஓடும், சிலவற்றுக்குத் தமிழும் உண்டு. மின்சுற்றுப் பாடத்துக்கு அது அருமை, ஆனால் முதலில் நிஜமான பேட்டரி செல், டார்ச் பல்பு, வயர் மூன்றையும் பிள்ளைகள் கையால் இணைத்துப் பார்க்கட்டும். பல்பு எரியாமல் போய், ஏன் என்று தேடிய பிள்ளைக்குத்தான் திரையில் ஓடும் சுற்றும் புரியும். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்ஸ் செயலி மூலம் லேப்டாப்பில் இறக்கி வைக்கலாம், கட்டுரை எழுத உதவும். முதல் பருவத்துக்கு இவ்வளவு போதும். செயலி கூடக் கூட உங்கள் நேரம் அதைச் சரிசெய்வதிலேயே போகும்.

வீட்டுப்பாடத்துக்கு ஃபோன் தேவைப்படும் எதையும் கொடுக்காதீர்கள். பல வீடுகளில் ஒரே ஃபோன் இருக்கும், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். சில நாள் வராமல் திரும்பி வரும் பிள்ளைக்கு, தவறிய பாடத்தின் 5 நிமிடத் துண்டை மதிய இடைவேளையில் டேப்லெட்டில் பார்க்க ஓர் இடம் ஒதுக்குங்கள். "எங்கே போனாய்" என்ற கேள்வியை அதன் பிறகு கேட்கலாம்.

தலைமையாசிரியரின் கவலை நியாயமானது. அதற்குப் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும். ஆறு கருவியின் சீரியல் எண்ணையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பின்னால் 1 முதல் 6 வரை எண் ஒட்டுங்கள், சார்ஜர் வயருக்கும் அதே எண். தினம் எடுத்த நேரம், வைத்த நேரம், எந்தக் குழு, என்ன நிலை என்று நான்கு கட்டத்தில் ஒரு நோட்டு. கீறல் விழுந்தால் அன்றைக்கே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ரப்பர் உறையும் திரைக் கண்ணாடியும் போட்டுவிட்டு, முதல் மாதம் மேஜையில் வைத்தோ தரையில் உட்கார்ந்தோ மட்டும் பயன்படுத்தினால் விழுந்து உடைவது வெகுவாகக் குறையும். வகுப்பில் பயன்படுத்தத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அவருக்கும் அது பாதுகாப்பு.

குரல் பதிவும் படமும் பிள்ளைகளின் சொந்தத் தகவல். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் என்ன பதிகிறோம், யார் கேட்பார்கள், எப்போது அழிப்போம் என்று பெற்றோருக்கு வாய்விட்டுச் சொல்லி, பிறகு கையெழுத்து வாங்குங்கள். பதிவுகள் டேப்லெட்டை விட்டு வெளியே போகக் கூடாது. வாட்ஸ்அப் குழுவிலும் உங்கள் ஸ்டேட்டஸிலும் பிள்ளைகளின் முகமோ குரலோ வேண்டாம், பாராட்டுவதற்காக என்றாலும் வேண்டாம்.

ப்ரொஜெக்டர் வாங்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில் தெரிய ஜன்னல்களை எல்லாம் அடைக்க வேண்டும், மின்சாரம் டிவியைப் போல மூன்று நான்கு மடங்கு இழுக்கும், யுபிஎஸ் தாங்காது, மழைக்கால ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பணத்தில் காதை மூடுகிற, துடைக்க வசதியான ஹெட்போன் நான்கு, யுபிஎஸ் ஒன்று, நல்ல ஸ்பைக் கார்டு (மின் அழுத்தம் திடீரென்று ஏறினால் தடுக்கும் பிளக் பலகை) ஒன்று, ஆறு ரப்பர் உறை வாங்குங்கள். பணம் மிஞ்சினால் ஒரு சாதாரண வைஃபை ரூட்டர். நெட் இணைப்பு இல்லாவிட்டாலும் லேப்டாப்பில் இருக்கும் பாடத்தை ஆறு டேப்லெட்டுக்கும் அது கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் அதை இரண்டாம் பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.